மறுமணம் செய்யாத வரை

முப்பத்து மூன்று வயதில் நான் பென்ஷன்காரன் ஆனேன். எங்கள் அலுவலகத்தில் அறுபதை நெருங்கும் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பென்ஷன் வரவில்லை.

என் மனைவி கலையரசி திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். அவளுக்கு பி.எஃப். பிடித்தார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் கணவனுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு என்பது அவள் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. மூன்று வருடம் ஆகிறது.

தொகை ஆயிரத்துச் சொச்சம். நான் உயிரோடு இருக்கும்வரை வரும். மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும்.

நான் விழுப்புரத்தில் டிராக்டர் விற்கும் ஒரு ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு அந்தப் பணம் தேவையில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அதை ஒரு கவரில் போட்டு, திண்டிவனத்தில் இருக்கும் மாமியார் கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. மகள் கலை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே கணவர் போய்விட்டார். வேறு பிள்ளைகள் இல்லை.

அந்தப் பணத்தால் எனக்கு வேறொரு பயன் இருந்தது. வானூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மா வாரம் ஒருமுறை போன் செய்வாள்.

"பொண்ணு ஒண்ணு வந்துருக்குதுடா சித்தார்த்தா. நர்சரி ஸ்கூல் டீச்சரு."

"கட்டிக்கினா பென்ஷன் நின்னுடும்மா. அத்தைக்கு வேற வழியில்ல."

அம்மா அதோடு அடங்கிவிடுவாள். எங்கள் பரம்பரையில் யாரும் பென்ஷன் வாங்கியதில்லை. வருகிற பென்ஷனை ஒருவன் நிறுத்துவான் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு இவ்வளவு உயரமான மதில் கிடைக்கும் என்று எனக்கும் முன்பு தெரியாது.

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிறு. நான் மாமியார் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ரோஜாவின் குரல் கேட்டது.

"இன்னாடி கோயிந்தம்மா, மருமவன் வந்துட்டாரா? தேதி தவற மாட்டாரே."

"வந்தா உனக்கு இன்னாடி?"

"எனக்கு இன்னா? சின்ன வயசுப் புள்ள. கட்டிக்கினா பணம் நின்னுடும்னு அவர அப்பிடியே முளைக்குச்சியில கட்டி வெச்சிக்கினு மாசா மாசம் கறந்துக்கினு இருக்க. மாடுகூட வருஷத்துல நாலு மாசம் வத்தும்."

குழாயடியில் சிரிப்புச் சத்தம். கோவிந்தம்மாள் காலிக் குடத்தோடு உள்ளே வந்தாள். அதை மூலையில் வைத்தாள்.

"இந்தப் பணம் நீங்க கட்டிக்கினா நின்னுடுமா தம்பி?"

நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. அம்மாவிடம்தான் சொல்லியிருந்தேன். அம்மா வானூரில் சொல்லியிருப்பாள். வானூரிலிருந்து திண்டிவனம் எத்தனை தூரம்?

"ஆமாம் அத்தை."

அவள் இலையை விரித்தாள். சோறு போட்டாள். நான் வழக்கம்போல உப்பு உறைப்பு தெரியாமல் சாப்பிட்டேன். இலையை எடுக்கும்போது சொன்னாள்.

"எனக்கு ஒரு பென்ஷன் போடணும். எங்க போடுவாங்க?"

"இந்த வயசுலயா?"

"வயசானவங்களுக்குத்தானே பென்ஷனு?"

நான் எம்.காம். முதல் வகுப்பு. தெரிந்ததைச் சொன்னேன்.

"அறுபது ஆனா அரசாங்கத்துல முதியோர் உதவித்தொகை தருவாங்க அத்தை."

"விசாரிச்சேன். அதுக்கு ஆதரவுக்கு ஆளே இல்லன்னு எழுதிக் குடுக்கணுமாம். நீங்க கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்கும்போது எப்பிடி எழுதுறது?"

அப்படித்தான் நாங்கள் நிதி ஆலோசகரைத் தேட ஆரம்பித்தோம்.

முதலில் விழுப்புரம். புதிய பஸ் நிலையத்துக்கு அருகில், மொபைல் கடைக்கு மேல்மாடியில் ஒரு நிறுவனம். எங்கள் மேனேஜர் சொன்னார். பைக்கில் கூட்டிவருகிறேன் என்று கோவிந்தம்மாளிடம் சொன்னேன். மருமகன் பின்னால் உட்கார்ந்து போனால் ரோஜாவுக்கு இன்னொரு கதை கிடைக்கும் என்றாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நேர் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வரலாம். அவள் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்களாகப் பார்த்து, மயிலத்தில் இறங்கி ஏறி, விக்கிரவாண்டியில் இறங்கி ஏறி, மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தாள். காலையில் கிளம்பியவள்.

"ஒரு பைசா செலவில்ல," என்றாள். முதலீடு பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்காது என்று நினைத்தேன்.

ஆலோசகர் பெயர் கோபி. டை கட்டியிருந்தான். ஏ.சி. ஓடியது. டீ வந்தது. மேஜைமேல் இருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினான்.

"அம்மா, உங்க ரிட்டயர்மென்ட் கோல் என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா கேக்குறாரு?"

"வேலைய விட்ட பிறகு என்ன பண்ணலாம்னு இருக்கீங்கன்னு கேக்குறார்."

"வேலைய வுட்டா சோத்துக்கு இன்னா பண்றது?"

"அதேதாம்மா கோல்," என்று கோபி தட்டச்சு செய்தான். "அடுத்து, எத்தனை வயசு வரைக்கும் இருப்பீங்கன்னு ஒரு கணக்கு வேணும். எண்பத்தஞ்சு போடட்டுமா?"

"யப்பா. அவ்ளோ எதுக்கு? எங்கம்மா அறுவத்தி ரெண்டுல போயிட்டா. ஒரு அறுவத்தஞ்சு போடுங்க. போதும்."

"அறுபத்தஞ்சு போட்டா சிஸ்டம் எடுக்காதும்மா."

"எல்லாருக்கும் எம்பத்தஞ்சா?"

"எல்லாருக்கும் எண்பத்தஞ்சுதான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலைக்கு இருபத்தொன்பதோடு முடிந்தது. நான் ஏ.சி. ரிமோட்டைப் பார்த்தேன். அதில் இருபத்திரண்டு என்று இருந்தது.

"ரிஸ்க் எடுப்பீங்களாம்மா? அதிகமா, நடுத்தரமா, கம்மியா?"

"நாப்பது பொண்ணுங்களுக்கு சாம்பார் கொதிக்கிற அண்டாவ ஒண்டியா எறக்குறேன் தம்பி. அது எதுல வரும்?"

கோபி நடுத்தரம் என்று போட்டான். பிறகு ஒரு வண்ணத் தாளை நகர்த்தினான். மாதம் இரண்டு சதவீதம். உறுதி. எப்போது வேண்டுமானாலும் பணத்தை எடுக்கலாம். முதலுக்கு ஆபத்தில்லை. எம்.காம். படித்தவன் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மூன்று வருடமாக எதுவும் தோன்றுவதில்லை.

கோவிந்தம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். அமாவாசைதோறும் அவள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போவாள். அங்கிருந்து கொண்டுவந்த கற்பூரம் எப்போதும் அந்தப் பையில் இருக்கும். எங்கள் பக்கம் ஆடு காணாமல் போனாலும், வரப்புத் தகராறு வந்தாலும், குடியை விட்டுவிட்டேன் என்று ஒருவன் சொன்னாலும், அங்காளம்மன் பெயரைச் சொல்லிக் கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

டீ வந்த தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"மலையனூராத்தா மேல சொல்லுங்க தம்பி. எம் பணம் போவாதுன்னு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கோபி உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டான். "சத்தியம்மா." அந்தக் கையாலேயே கையெழுத்துப் போடவேண்டிய தாளை நகர்த்தினான்.

"சரிங்க தம்பி. நாளு பாத்துட்டு வர்றோம்," என்று எழுந்தாள்.

படியில் இறங்கும்போது கேட்டேன். "ஏன் அத்தை? சத்தியம்தான் பண்ணிட்டாரே."

"அதாந் தம்பி வேணாம். நெருப்புல கைய வெக்கிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். இவன் கொசு அடிக்கிற மாதிரி அடிச்சான்."

தீபாவளிக்குள் அந்த மேல்மாடியில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. கோபியைத் தேடி எங்கள் மேனேஜர் இன்னும் போய்வருகிறார்.

இரண்டாவது ஆலோசகர் திண்டிவனத்திலேயே இருந்தார். மரக்காணம் ரோட்டில் மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பெயர் இளவரசி. நாற்பத்தைந்து இருக்கும். சென்னையில் வங்கியில் இருந்துவிட்டு, கணவரின் ஊருக்கு வந்தவர். மில் ஓடும்போது பேச முடியாது. நிற்கும்போது வேகமாகப் பேசினார்.

"முதல்ல ஃபீஸ் கட்டணும்."

"சொல்றதுக்குக் காசா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"சொல்றதுக்கு மட்டுந்தாம்மா காசு. வேற யார்கிட்டயும் கமிஷன் வாங்குறதில்ல."

"விழுப்புரத்துல சும்மாவே சொன்னாங்க. டீ வேற குடுத்தாங்க."

"அந்த டீக்குக் காசு அப்புறமா எடுப்பாங்க."

மில் ஓடியது. மூவரும் காத்திருந்தோம். நின்றதும் கோவிந்தம்மாள் கற்பூரத்தை எடுத்தாள். வைக்கத் தட்டு இல்லை. மேஜை ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்துக் கொளுத்தினாள். இளவரசி முதலில் காகிதங்களை நகர்த்தினார். பிறகு நாற்காலியோடு தானும் நகர்ந்தார்.

"மாட்டேன்."

"ஏம்மா?"

"நான் சொல்ற கம்பெனி கவுந்துட்டா? கவர்ன்மென்ட் சட்டத்த மாத்திட்டா? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதும்மா. மலையனூர் அம்மாகிட்டல்லாம் வெளையாட முடியாது."

"அப்ப எதுக்குத்தான் சத்தியம் பண்ணுவ?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். "தெரிஞ்சு பொய் சொல்ல மாட்டேன்னு வேணா பண்றேன். பணம் போவாதுன்னு பண்ண மாட்டேன்."

இதற்குள் கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. டம்ளரின் அடியில் கறுப்பு வட்டம். கோவிந்தம்மாள் சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பஸ்ஸுக்குக்கூடச் செலவழிக்காதவள்.

"பயம் இருக்குது. அது போதும்," என்று என்னிடம் சொன்னாள்.

இளவரசி கேள்விகளைத் தொடங்கினார். வீடு சொந்தமா? சொந்தம். கடன் உண்டா? இல்லை. மூட்டு வலி உண்டா? உண்டு. எத்தனை வயது வரை இருப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

"மாசம் என்ன வருது?"

"ஹாஸ்டல் சம்பளம். அப்புறம் தம்பி குடுக்குறது."

"அது என்ன பணம் சார்?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மறுமணம் வரைக்குந்தானே அது வரும்?"

"ஆமாம்."

"உங்க வயசு?"

"முப்பத்தாறு."

"அப்ப இதை எது வரைக்கும் வருமானத்துல எழுதட்டும்?"

அம்மா, மேனேஜர், அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் என எல்லோரும் எப்போது கல்யாணம் என்று என்னிடம் கேட்ட அதே கேள்விதான். அவர்கள் பெருமூச்சு விட்டுக் கேட்டார்கள். தோளைத் தொட்டுக் கேட்டார்கள். இவர் வைப்புநிதி எப்போது முதிர்கிறது என்று கேட்பதுபோலக் கேட்டார். பென்ஷன் நின்றுவிடும் என்ற என் வழக்கமான பதில் இந்த அறையில் பயன்படாது. அந்தப் பதிலைத்தான் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிரந்தரம்னு எழுதுங்க," என்றேன்.

"முப்பத்தாறு வயசுக்காரர் சொல்ற நிரந்தரத்தை நான் கணக்குல எடுக்க முடியாது சார்."

"சைபர் போடும்மா," என்றாள் கோவிந்தம்மாள்.

"அத்தை, நான்..."

"நீ போடும்மா. அவர் இன்னா சொன்னாலும் சைபர்னு போடு. அது வராதுன்னு வெச்சிக்கினு எனக்கு வழி சொல்லு."

இளவரசி எங்கள் இருவரையும் பார்த்தார். பூஜ்யம் போட்டார். மில் மறுபடி ஓடத் தொடங்கியது. அது எனக்கு வசதியாக இருந்தது.

சத்தம் நின்றதும் அவர் கேட்டார். "மொத்தமா போட ஏதாவது இருக்குதாம்மா?"

"நகை இருக்குது."

கலையின் நகைகள். பிள்ளை இல்லாமல் பெண் இறந்தால் தாய்வீட்டில் போட்ட நகையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். பதினாறாம் நாள் முடிந்ததும் ஒரு துணியில் முடிந்து கொடுத்திருந்தேன். எங்கே வைத்திருந்தாள் என்று கேட்டதில்லை.

"ஹாஸ்டல் சோத்துல சேத்த காசு அது," என்றாள் கோவிந்தம்மாள் இளவரசியிடம். "நான் வாங்கிப் போட்டது. என்னுதுதானே?"

"உங்களுதுதாம்மா. தங்கம் ஏறும். ஆனா அத வெச்சிக்கினு கஞ்சி காச்ச முடியாது." முழுவதையும் போடவேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு பங்கை வங்கியில் வையுங்கள், மீதியை ஆயுள் முழுக்க மாதாமாதம் தரும் திட்டத்தில் போடலாம், இடையில் எடுக்க முடியாது, யார் கேட்டாலும் தரமுடியாது என்று இளவரசி விளக்கினார். யார் கேட்டாலும் தரமுடியாது என்பதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள் கோவிந்தம்மாள். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

நகைக்கடைக்கு நானும் போனேன். ஆரம், சங்கிலி, நான்கு வளையல், மோதிரம். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். கடைசியில் ஜிமிக்கி.

"மாத்துறீங்களாம்மா, விக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"விக்கிறேன்."

"ஜிமிக்கி இருக்கட்டும் அத்தை," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது வேண்டும் என்று கேட்டது அவளுக்குப் புதிது.

"யாரு போட்டுக்கப் போறா? உங்களுக்கு வர்றவளுக்குன்னுதான் இத்தினி நாளு வெச்சிக்கினு இருந்தேன். அப்புறந்தான் புத்திக்குப் பட்டுது. செத்தவ நகைய எவளும் தொட மாட்டா தம்பி."

ஜிமிக்கியையும் தராசில் வைத்தாள். எடை, வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது. கடைக்காரர் வியந்தார். நல்லா வெச்சிருந்திருக்காங்க என்றார்.

தை பிறந்து அவளுக்கு முதல் பென்ஷன் வந்தது. ஹாஸ்டல் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பத்தாறு வயதில், வேலையை விடாமலே, அவள் பென்ஷன்காரி ஆனாள். வங்கியில் என் எண்ணைக் கொடுத்திருந்ததால் செய்தி என் போனுக்கு வந்தது. டிராக்டர் வாங்க வந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "நல்ல சேதிங்களா?" என்றார். "மாமியாருக்கு பென்ஷன்," என்றேன். "எந்த டிப்பார்ட்மென்ட்?" என்று எழுந்து நின்றார்.

அந்த ஞாயிறு வழக்கம்போலப் போனேன். தெருவில் மரியாதை மாறியிருந்தது. ரோஜாவே என்னை நிறுத்தி, "தம்பி, எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட முடியுமா? அந்தம்மா எங்க இருக்குது?" என்று கேட்டாள். கோவிந்தம்மாள் ஏற்கனவே தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். முகவரியை மட்டும் சொல்லவில்லை.

கவரை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"இனிமே இது வேணாம்."

"கலை பணம் அத்தை."

"எம் பொண்ணு உங்களுக்கு வுட்டுட்டுப் போனது. எனக்குத்தான் வருதே."

கவரை அரிசி டப்பாவின்மேல் வைத்தேன். அவள் எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். மூன்று வருடத்தில் அவள் கை என்மேல் பட்டது அப்போதுதான்.

"உங்கம்மாவுக்குப் போன் போட்டேன்," என்றாள்.

"எதுக்கு?"

"பணம் இனிமே தடையில்லன்னு சொல்றதுக்கு. மயிலத்துப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குதாம். காலேஜு லைப்ரரியில வேல. புருஷன் ஆக்சிடென்ட்ல போயிட்டானாம். புள்ள இல்ல. அடுத்த வாரம் பாக்கப் போறோம். உங்கம்மாவும் நானும்."

"நீங்க எதுக்கு அத்தை?"

"நான் போவாம? எம் பொண்ணு இருந்த எடத்துக்கு வர்றவ. நான் பாக்க வேணாமா?"

"நான் வரல."

"உங்கள யாரு கூப்ட்டது? நீங்க வந்து உம்முனு உக்காந்தா அந்தப் பொண்ணு பயந்துக்கும்."

மூன்று வருடமாக என் முன்னால் நின்றிருந்த மதிலை அவள் தன் நகையை விற்று இடித்துவிட்டாள். அதற்கு ஒரு ஆலோசகருக்கு ஃபீஸ் வேறு கட்டியிருந்தாள். நான் செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது.

"அப்ப இனிமே நான் எதுக்கு இங்க வரணும்?"

கேட்டபிறகுதான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. ரோஜா வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தது. கோவிந்தம்மாள் கரண்டியோடு நின்றாள்.

"இத்தினி நாளா பணம் குடுக்கத்தான் வந்துக்கினு இருந்தீங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. யோசித்துச் சொல்லலாம் என்றால் அவள் அதற்குள் இலையைப் போட்டுவிட்டாள்.

"கையக் கழுவிக்கினு வாங்க. ஜல்தி. சோறு ஆறுது."

கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். நெத்திலி மீன் குழம்பு. ஒரு கவளம் சாப்பிட்டேன். இன்னொரு கவளம். கை நின்றது.

"உப்பு ஜாஸ்தி அத்தை."

அவள் சட்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, ரோஜாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பணம் நின்ன ஒடனே கொற சொல்ல ஆரம்பிச்சிட்டாரு பாரு."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.